நான் தாட்சாயணி என்று பெயர் வைத்தவருக்கு

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ராத்திரி மணி ஒன்று நாற்பது, தூங்காததால் எனக்கு இன்னும் செவ்வாய்தான். பகலில் எனக்கு இரண்டு கையும் சும்மா இருப்பதில்லை.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உங்கள் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. அது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் தாட்சாயணி. வைத்தது நான்.

நீங்கள் போகும் ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் கம்பெனி. அதில் புதிதாக எதையாவது சேர்த்தால் முதலில் நாங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பதற்கு நோயாளிகள் வேண்டும். அதனால் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸை அப்படியே நகல் எடுப்போம். நகலில் உள்ள பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாவற்றையும் வேறாக மாற்றிவிட்டுத்தான் மற்றவர்களிடம் தருவோம். மாஸ்கிங் என்பார்கள். மாற்றுகிற புரோகிராம் என் பொறுப்பு. பொய்ப் பெயர்களுக்காக நான் எங்கும் அலையவில்லை. காலேஜ் வருகைப் பதிவேட்டை நினைவிலிருந்தே எழுதினேன். தாட்சாயணி எனக்கு அடுத்த ரோல் நம்பர். கேட்டால் ரெக்கார்டு நோட்டைத் தந்துவிடுவாள்.

முகவரிக்குக் கீழே லேண்ட்மார்க் என்று ஒரு கட்டம் உண்டு. தண்ணீர்த் தொட்டி எதிரில், மாரியம்மன் கோயில் பின்புறம், ரேஷன் கடைச் சந்து. அதை மாற்ற வேண்டாம் என்று எப்போதோ முடிவானது. தண்ணீர்த் தொட்டியால் யாருக்கு என்ன கெடுதல்.

இன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் குழுவின் வாட்ஸப்பில் மோகனா ஒரு படம் போட்டாள். மோகனா எங்களிடம் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, சோதனை பார்க்கிற பெண். தன் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்திருந்தாள். கீழே, 'எங்க ஊரு டெய்லர் கடை டேட்டாபேஸ்ல வந்துருச்சு' என்று நான்கு சிரிப்புப் பொம்மை.

படத்தில் தாட்சாயணி, வயது 27. லேண்ட்மார்க் கட்டத்தில் இப்படி இருந்தது: 'இந்த போன் மாமியாருது. கூப்பிடாதீங்க. காப்பர்-டி போட்டது வீட்டுக்குத் தெரியாது. ரெண்டும் பொண்ணு, பையன் வேணும்ங்கறாங்க. பூங்கொடி டெய்லர் கடை நம்பர், பதினொண்ணுல இருந்து நாலு மட்டும்.' பிறகு ஊர் பெயர், பத்து இலக்கம்.

குழுவில் இருபத்து மூன்று பேர்.

குழந்தை அசைகிறாள். மிதுலா, ஏழு மாதம். இது அவள் பால் குடித்த நேரம் எழுதும் நோட்டு. பின்பக்கத்திலிருந்து உங்களுக்கு எழுதுகிறேன்.


அக்டோபர் 8, புதன்

படத்தை மோகனா நீக்கிவிட்டாள். நான் கேட்டதும் உடனே. அழுதாள். "அக்கா, ஊர் பேரப் பாத்ததும் சந்தோசத்துல போட்டுட்டேன். மீதியப் படிக்கவே இல்ல" என்றாள். இருக்கலாம். சொந்த ஊர் பெயரைப் பார்த்தால் மற்ற எழுத்து கண்ணில் படாது.

எங்கள் மேனேஜர் சுபாஷிடம் சொன்னேன். நகலை அழிக்கச் சொன்னார். அழிப்பதற்கு முன் அந்தக் கட்டத்தில் இப்படி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் படிக்கவில்லை, 'சொல்லாதீங்க' என்ற சொல்லை மட்டும் தேடினேன். ஐம்பத்தேழு.

ஆஸ்பத்திரியின் பதிவு கவுன்டரில் இருக்கும் பெண்களுக்கு வேறு இடம் இல்லை. அந்தக் கட்டம்தான் நீளமானது. எந்தச் சீட்டிலும் அச்சாகாது, ஆனால் டாக்டர் திரையைத் திறந்தால் முதலில் கண்ணில் படும். அதனால் யாரோ ஒரு நல்ல மனசுக்காரி முதலில் அதில் எழுத ஆரம்பித்திருக்கிறாள். உங்களுக்காக எழுதியவளும் உங்கள் நன்மைக்குத்தான் எழுதினாள்.

நகலைக் கொடுப்பதற்கு முன் ஏதாவது இருபது வரியைக் கண்ணால் பார்த்து, சரி என்று டிக் அடிக்க வேண்டும் என்பது விதி. டிக் அடிக்கப்பட்டிருக்கிறது.

சுபாஷ் சொன்னார்: "பேர் மாறியிருக்கு, நம்பர் மாறியிருக்கு. யாருன்னு யாருக்குத் தெரியும்? நீங்களா பெருசு பண்ணாதீங்க சிந்துஜா."

"கடைப் பேரும் ஊரும் இருக்குங்க."

"அது லேண்ட்மார்க்."


அக்டோபர் 9, வியாழன்

ராகிக் கூழ் இரண்டு ஸ்பூன், துப்பிவிட்டாள். இடது பக்கம் பால் குறைகிறது. வேறொன்றும் எழுத முடியவில்லை.


அக்டோபர் 10, வெள்ளி

மோகனா மதியம் கூப்பிட்டாள். 

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டாதீங்க. அந்தப் படத்த அம்மாவுக்கும் அனுப்பியிருந்தேன்."

"எப்ப?"

"செவ்வாக்கெழமையே. குரூப்ல போடறதுக்கு முன்னாடி. அந்தக் கடையிலதான் அம்மா ப்ளவுஸ் தைக்கும். அதுக்குத்தான்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஆரு அந்தப் புள்ளைனு கேட்டுச்சு. தெரியாதுன்னேன். அம்மா யாருகிட்டயும் சொல்லாதுங்க்கா."

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. இந்தப் பத்து நாளில் ஒரு டெய்லர் கடையில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழ் வீட்டு ஜோதிமணி அக்காதான் நான் ஆபீஸ் போகும் நாளில் மிதுலாவைப் பார்த்துக்கொள்கிறார். இன்று நான் குழந்தையை வாங்கிக்கொண்டு படியேறாமல் அங்கேயே நின்றிருக்கிறேன். "ஏங்கண்ணு, பேயறஞ்ச மாதிரி நிக்கற" என்றார். "தூக்கம் இல்லீங்க்கா" என்றேன். "ஏழு மாசத்துக்கு ஆருக்குத்தான் தூக்கம்" என்று சொல்லிக் கருவேப்பிலை ஒரு கொத்துக் கொடுத்தார்.

அந்த டிக்கை அடித்தது நான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று குழந்தைக்குக் காய்ச்சல். இருபது வரியையும் திறந்து பார்க்காமல் அடித்துவிட்டேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

என் கணவர் மில் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பவர். வாரத்தில் நான்கு நாள் திருப்பூர், பல்லடம் என்று இருப்பார். ஞாயிறு ஒருநாள்தான் உட்கார்ந்து சாப்பிடுவது. வேறு யாருடைய ஆபீஸிலோ நடந்த மாதிரி உங்கள் கதையைச் சொல்லிப் பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள பண்ணுனது தப்புதானே சிந்து. புருசனுக்குத் தெரியாம எப்படிப் போடலாம்?" என்றார்.

"தெரிஞ்சா போட விட்டிருப்பாங்களா?"

"கேட்டுப் பாத்திருக்கலாமில்ல." மிதுலாவின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சிரித்தார். "நாளைக்கு எங்கம்மா இவளுக்கு ஒரு தம்பி வேணும்னு சொன்னா, நீயும் இப்படித்தான் போய்ட்டு வந்துருவியா?"

ரசம் ஊற்றினேன். பொரியல் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

அவர் நல்லவர். உங்கள் வீட்டுக்காரரும் நல்லவராக இருக்கலாம்.


அக்டோபர் 13, திங்கள்

சுபாஷ் ஓர் அறிக்கை தயார் செய்திருந்தார். 'விதிப்படி இருபது வரிகள் சரிபார்க்கப்பட்டன. குறை எதுவும் தென்படவில்லை. நோயாளியை அடையாளம் காட்டும் தகவல் எதுவும் வெளியாகவில்லை.' கீழே என் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்கு இடம்.

"இது உங்களையும் சேத்துத்தான் காப்பாத்துது. டிக் யாரோடதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. டீ வாங்கி வைத்திருந்தார்.

கையெழுத்துப் போட்டேன்.

சம்பந்தமில்லாத விஷயம். புதன்கிழமைக்கு வேறொரு கிளினிக்கில், வீட்டில் சொல்லாமல், எனக்காக நேரம் வாங்கியிருந்தேன். இன்று அங்கிருந்து கூப்பிட்ட பெண் பெயர், வயது, ஏரியா எல்லாம் கேட்டுவிட்டு, "லேண்ட்மார்க் ஏதாவது சொல்லுங்க மேடம்" என்றாள். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். ரத்து செய்தாயிற்று.

காய்ச்சலைப் பற்றி எழுதியது பொய். காய்ச்சல் மறுநாள்தான் வந்தது. முன்பக்கத்தில் நானே தேதி போட்டு எழுதியிருக்கிறேன், இப்போதுதான் பார்த்தேன்.

உண்மை இது. பிரசவ விடுப்பு முடிந்து வந்த செப்டம்பரில் இருபது வரியையும் ஒழுங்காகப் பார்த்தேன். பதினேழாவதில், 'மாமனார் வந்து கேட்டா ரிப்போர்ட் தராதீங்க' என்று லேண்ட்மார்க் கட்டத்தில் இருந்தது. யாரோ தெரியாமல் அங்கே தட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. எடுத்துச் சொன்னால் மொத்தப் புரோகிராமையும் நான்தான் திருத்த வேண்டும், இரண்டு ராத்திரி போய்விடும். இந்த மாதம் பார்த்தால் மறுபடியும் கண்ணில் படும் என்று தெரியும். அதனால் பார்க்கவில்லை.


அக்டோபர் 14, செவ்வாய்

மோகனாவின் அம்மா போன சனிக்கிழமையே கடைக்குப் போயிருக்கிறார். ப்ளவுஸ் வாங்கப் போன இடத்தில், "ஏம் பூங்கொடி, மாமியாருக்குத் தெரியாம காப்பர்-டி போட்டுட்டு உன் நம்பரக் குடுத்த புள்ள ஆரு?" என்று கேட்டிருக்கிறார். கடையில் அப்போது ஆறேழு பேர். பூங்கொடி அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், "எங்கிட்ட அப்படி ஆருமில்ல. உங்க ப்ளவுஸ் வெள்ளிக்கெழமதான் ஆகும்" என்று சொல்லிவிட்டாராம். மோகனா இதைச் சொல்லும்போது, "அம்மா சும்மாதாங்க்கா கேட்டுச்சு" என்று மூன்று தடவை சொன்னாள்.

மதியம் இரண்டரைக்கு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் எழுதினேன். நடந்தது முழுவதும். முந்நூற்றுப் பன்னிரண்டு. டிக் என்னுடையது. நேற்றைய கையெழுத்து பொய். நகலை அழிக்கும் முன் குறித்து வைத்திருந்த உங்கள் வரிசை எண்ணைச் சொல்லி, இவருக்கு ஆபத்து, உடனே எச்சரியுங்கள் என்று எழுதினேன்.

அனுப்பிவிட்டேன். இன்று மாலை மிதுலா முழுக் கிண்ணமும் சாப்பிட்டாள். ஒரு வாரம் கழித்து முதல்முறையாக எனக்கும் பசித்தது.


அக்டோபர் 15, புதன்

செய்ததற்கு மேல் கெடுதல் செய்துவிட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு என் லாகின் வேலை செய்யவில்லை. சுபாஷ் போனை எடுக்கவில்லை. அது இருக்கட்டும்.

பதினொரு மணிக்கு அந்த அதிகாரி கூப்பிட்டார். மரியாதையான மனிதர். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க மேடம். சட்டப்படி பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் நாங்களே தகவல் தந்துடுவோம். முந்நூத்திப் பன்னிரண்டு பேருக்கும் எஸ்எம்எஸ் போகும்" என்றார்.

"எந்த நம்பருக்குங்க?"

"பதிவான நம்பருக்குத்தான்."

உங்கள் பதிவான நம்பர் உங்கள் மாமியாருடையது. அதில் கூப்பிட வேண்டாம் என்பதுதான் நீங்கள் சொன்ன முதல் விஷயம்.

வாசகத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். 'எங்கள் மகப்பேறு மற்றும் கருத்தடைப் பிரிவில் தாங்கள் பெற்ற சிகிச்சை தொடர்பான தகவல் தவறுதலாக வெளியாகியுள்ளது. வருந்துகிறோம்.'

"பிரிவோட பேர மட்டும் எடுத்துடுங்க சார்."

"டெலிகாம்ல இந்த வாசகத்துக்கு அனுமதி வாங்கியாச்சு மேடம். ஒரு எழுத்து மாத்துனாலும் புதுசா விண்ணப்பிக்கணும், நாலு நாள் ஆகும். எங்களுக்குக் கெடு வெள்ளி சாயந்தரம் அஞ்சு மணி."

"அப்ப அந்த ஒருத்தருக்கு மட்டும் அனுப்பாதீங்க."

"அவங்களுக்குத் தகவல் போகலைன்னா அது எங்க தப்பாயிடும்."

கெஞ்சினேன். என் குழந்தை மேல் ஆணை என்று கூடச் சொன்னேன். அவருக்கு என் குழந்தையைத் தெரியாது. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். வெள்ளி ஐந்து மணிக்குள் நோயாளியே கூப்பிட்டு, தன் பதிவு எண்ணைச் சொல்லி நம்பரை மாற்றினால், புது நம்பருக்கு அனுப்புவோம். வேறு யார் சொன்னாலும் முடியாது.

பூங்கொடி அக்காவின் நம்பரை நான் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் அது திருட்டு என்று அன்றைக்கு ரொம்ப ஒழுங்காக நினைத்தேன். படமும் போய்விட்டது, நகலும் போய்விட்டது. மோகனாவிடம் கேட்டால் அவள் அம்மாவிடம் கேட்பாள். ஊரும் கடைப் பெயரும் மட்டும் தலையில் இருக்கிறது.


அக்டோபர் 16, வியாழன்

முதல்முறையாகப் பகலில் எழுதுகிறேன். மணி இரண்டே கால். பூங்கொடி அக்காவின் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மிதுலா லைனிங் துணிக் குவியல் மேல் தூங்குகிறாள்.

காலையில் ஒரு ப்ளவுஸ் துணியைப் பையில் போட்டுக்கொண்டு குழந்தையோடு பஸ் ஏறினேன். எந்த பஸ் ஸ்டாண்டு என்று எழுதவில்லை. தீபாவளிக் கூட்டம். ஒருவர் குழந்தையைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார். அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பூங்கொடி அக்கா துணியைக் கையில் வாங்கவில்லை. "தீவாளிக்கு முந்தி ஆவாதுங்க" என்றார்.

"தைக்க வரலீங்க்கா. ஒரு ஆளப் பத்திப் பேசணும்."

மெஷினிலிருந்து காலை எடுத்தார். "அன்னிக்கு ஒரு அம்மா வந்து கேட்டுது. இன்னிக்கு நீங்களா? ஆருங்க உங்களையெல்லாம் அனுப்பறது?"

"நான்தாங்க காரணம்."

கடையில் இருந்த இரண்டு பேரையும் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுப் பாதி ஷட்டரை இறக்கினார். எல்லாம் சொன்னேன். டேட்டாபேஸ் என்பதை எப்படிச் சொல்வது என்று திணறியபோது, "அளவு நோட்டு மாதிரி" என்று அவரே சொன்னார். "எங்கிட்டயும் ஊர்ல பாதிப் பேரு அளவு இருக்குது. ஒருத்தி அளவ இன்னொருத்திகிட்ட வாய் தவறிக்கூடச் சொன்னதில்ல. படிச்சவங்க நீங்க, உங்களால முடியலியா?"

துணியைத் திரும்பப் பையில் வைத்தேன்.

அந்த எஸ்எம்எஸ் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. "அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போனுக்கு மெசேஜு வந்தா மகன்தான் படிச்சுச் சொல்லுவான்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "சனிக்கெழமையில இருந்து அவளக் காணோம். ஃபால்ஸ் அடிக்கற சீல பதினாலு அவகிட்ட இருக்குது. தீவாளி வேலைய விட்டுட்டு இருக்கற புள்ள இல்ல. ஜுரமா இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

 மிதுலா ஒரு கொக்கிப் பொட்டலத்தை வாயில் வைக்கப் பார்த்தாள். அக்கா பிடுங்கிவிட்டு அவளிடம் ஒரு நூல்கண்டைக் கொடுத்தார்.

அவர் இன்று மாலை உங்கள் வீட்டுக்கு வருகிறார். சேலையைத் திருப்பி வாங்க வருவதாகச் சொல்வார், அதோடு இன்னும் இரண்டு சேலை அடிக்கக் கொடுப்பார். அந்தப் பையில் சேலைக்கு அடியில் இந்த நோட்டு இருக்கும். முன்பக்கங்களைக் கிழிக்கவில்லை. யாராவது எடுத்துப் புரட்டினால் ஒரு குழந்தை பால் குடித்த நேரமும் கூழ் குடித்த கணக்கும்தான் தெரியும். பூங்கொடி அக்காவின் தங்கை குழந்தையுடைய நோட்டு, மாறி வந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். படித்ததும் பின்பக்கங்களை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இதில் உங்கள் ஊர் பெயர் இல்லை. பூங்கொடி அக்காவின் பெயர் பூங்கொடி இல்லை, மோகனா மோகனா இல்லை, சுபாஷ், ஜோதிமணி அக்கா எல்லாமே என் காலேஜ் பட்டியலிலிருந்து எடுத்தவை. மிதுலாவும் அப்படித்தான், அவள் உண்மைப் பெயர் முன்பக்கம் எதிலும் இல்லை. இருபது வரி அல்ல, ஒவ்வொரு வரியையும் இந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட்டேன். மாற்றாதது ஒன்றுதான். என் பெயர் சிந்துஜா.

நீங்கள் செய்தது சரியா தவறா என்று எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்னை மன்னிக்கவும் வேண்டாம்.

நாளை ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் செய்து, பதிவான நம்பரை அக்கா கடை நம்பராக மாற்ற வேண்டும். உங்கள் பதிவு எண் ஆஸ்பத்திரிச் சீட்டின் மேல் வலது மூலையில் இருக்கும். உங்களிடம் போன் இல்லாவிட்டால் கடைக்கு வாருங்கள், அக்கா நாளை மதியம் கடையைச் சாத்த மாட்டேன் என்கிறார். வர முடியாதபடி வைத்திருந்தால், நாளை காலை அக்கா அந்த இரண்டு சேலையைத் திரும்ப வாங்க வரும்போது, ஒன்றின் முந்தானையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுக் கொடுங்கள். அக்காவும் நானும் வாசலுக்கே வருகிறோம்.

என் நம்பர் பின் அட்டையின் உள்பக்கம் இருக்கிறது. எனக்குப் பதினொன்று முதல் நாலு என்று எதுவும் இல்லை. எந்த நேரத்திலும் எடுப்பேன். நம்பரை மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.